சீட்டில் விழுந்த நிலம்

"தென்மேற்கு" என்றார் நில அலுவலகக் குமாஸ்தா.

"இல்லைங்க ஐயா, வடகிழக்கு" என்றேன் நான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் பதிவேட்டைப் படித்தார். அவரும் ஜெர்மன்காரர்தான். ஆனால் நேராக ஜெர்மனியிலிருந்து வந்தவர், எங்களைப்போல் நூறு வருஷம் ரஷ்யாவில் கிடந்து வந்தவர் அல்ல. நாங்கள் பேசும் ஜெர்மனைக் கேட்டால் அவருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"காலமான உங்க புருஷன் வெண்டலின் பேருக்குப் பதிவானது தென்மேற்குக் கால் பங்கு, நூத்தறுபது ஏக்கர். நாங்க பேப்பர்ல விளம்பரம் போட்டதும் அதுக்குத்தான். அஞ்சு வருஷமா நீங்க குடியிருக்கிறது அங்கதானே?"

"அங்க என் கொழுந்தன் குடியிருக்காரு. நான் இருக்கிறது வடகிழக்குல. வீடு, கிணறு, கோதுமை எல்லாம் அங்கதான் இருக்கு."

ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம் என்பது இங்கே சட்டம். அப்படி இருந்தேன் என்று எனக்குச் சாட்சி சொல்ல வந்திருந்த இருவரும் பின்னால் நின்றார்கள். ஒருவர் அந்தக் கொழுந்தன், என் புருஷனின் தம்பி பங்க்ராட்ஸ். இன்னொருவர் பக்கத்து வீட்டு அலோயிஸ் அண்ணன். குமாஸ்தா அவர்களைப் பார்த்தார். அலோயிஸ் அண்ணன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "சீட்டுல அப்படித்தாங்க விழுந்துச்சு" என்றார்.

"எந்தச் சீட்டு?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் எங்களுக்கு வேர்த்துவிட்டது. அப்படி என்ன பெரிய கதை? கான்சாஸுக்கு வந்து இறங்கியபோது நாங்கள் நான்கு குடும்பம். ஆண்கள் நால்வரும் இதே அலுவலகத்தில் வரிசையில் நின்று ஒரு சதுர மைலை நான்கு காலாகப் பதிந்துகொண்டு வந்தார்கள். வரிசையில் யார் முன்னால் நின்றாரோ அவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு அடுத்தது. இப்படியா நிலம் கொடுப்பார்கள்? வோல்கா நதிக்கரையில் எங்கள் ஊரில் நிலத்தை அளந்து, துண்டுக்கு ஒரு சில்லு செதுக்கி, தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுப்போம். சில வருஷம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி குலுக்குவோம். நல்ல நிலமும் மோசமான நிலமும் மாறி மாறி விழும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆகவே வந்த முதல் வாரமே, அமெரிக்கக் காகிதம் நான்கையும் அலோயிஸ் அண்ணனின் பெட்டியில் பூட்டிவிட்டு, ஆட்டுத்தோல் தொப்பியில் நான்கு சில்லுகளைப் போட்டு எடுத்தோம். அலோயிஸ் அண்ணனுக்கும் காஸ்பர் என்ற இன்னொருவருக்கும் காகிதத்தில் இருந்ததே சீட்டிலும் விழுந்திருக்கிறது. அண்ணன் தம்பி இருவருக்கும் மட்டும் மாறி விழுந்துவிட்டது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? காகிதம் இங்கிலீஷில் இருந்தது.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வருஷமா ஒருத்தர் நிலத்தை இன்னொருத்தர் உழுதிருக்கீங்க."

"சீட்டு போட்டுத்தான்..." என்று அலோயிஸ் அண்ணன் மறுபடி ஆரம்பித்தார்.

"மெதுவாப் பேசுங்க! வெளிய உக்காந்திருக்கவங்க காதுல விழுந்தா நாளைக்கே வழக்குப் போட்டு ரெண்டையும் பிடுங்கிக்குவாங்க. சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் உங்க நிலத்தைக் கைவிட்டவங்க. புரியுதா?"

புரிந்தது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புல்வெளியைக் கிழித்து, மண்ணை மிதித்துக் கல்லாக அறுத்து, என் கையால் எழுப்பிய வீடு ஒரு வார்த்தையில் யாருடையதோ ஆகிவிட்டது.

நல்ல மனுஷர், ஒரு வழியும் சொன்னார். தெரியாமல் நடந்த தவறு என்று இருவரும் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தால் பதிவை மாற்றலாம். கழிந்த ஐந்து வருஷமும் அப்படியே சேரும். ஆனால் இருவரும் வரவேண்டும். ஒருவர் மறுத்தால் மற்றவருக்கும் கிடையாது.

"இன்னைக்கே எழுதிடுங்க ஐயா" என்றேன்.

பின்னாலிருந்து பங்க்ராட்ஸ் சொன்னார்: "நான் யோசிச்சுச் சொல்றேன்."

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. குமாஸ்தா பத்து நாள் தவணை கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்குப் பதினெட்டு மைல். பங்க்ராட்ஸ் வண்டியை ஓட்டிக்கொண்டே சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காற்றில் துப்பிக்கொண்டிருந்தார். காற்று அதைத் திருப்பி என் மடியில் கொண்டுவந்து போட்டது. பாதி வழிவரை பொறுத்தேன்.

"தம்பி, என்னதான் யோசனை?"

"வடகிழக்கு காகிதத்துல என் பேர்ல இருக்கு அண்ணி."

"இருந்தா என்ன? சீட்டுல எங்களுக்கு விழுந்துச்சில்ல?"

"சீட்டுன்னா மறுபடியும் போடணும். அதானே நம்ம வழக்கம்? அஞ்சு வருஷம் ஆயிருச்சே."

அலோயிஸ் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். கனைத்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை. ஜெபம் சொல்லச் சொன்னால் ஒரு மணி நேரம் சொல்வார், இந்த மாதிரி நேரத்தில் மட்டும் தொண்டை கட்டிவிடும்.

வடகிழக்கில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அங்கே தண்ணீர் இருக்கிறது. பங்க்ராட்ஸின் தென்மேற்கில் எங்கே தோண்டினாலும் கல்தான். அவர் வீட்டுக்கும் என் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போகிறது. அந்தத் தண்ணீருக்காகத்தான் என் வெண்டலின் செத்தான். வந்த மூன்றாம் கோடையில் அறுபது அடி தோண்டிவிட்டு மேலே வந்து, "போதும், இங்க தண்ணி இல்ல, வேற இடம் பாப்போம்" என்றான். ராட்டினத்தைப் பிடித்திருந்த பங்க்ராட்ஸ், "அண்ணே, வாளியில வந்த மண்ணுல ஈரம் தெரியுது. இன்னும் அஞ்சு அடி, அவ்வளவுதான்" என்றார். வெண்டலின் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினான். அடியில் கெட்ட காற்று இருந்திருக்கிறது. கயிறு ஆடவில்லை என்று இழுத்தார்கள், காலி வாளி வந்தது. மூன்று வாரம் கழித்து, அங்கிருந்து இன்னும் நான்கு அடி தோண்டியதும் தண்ணீர் வந்தது. ஈரம் தெரிகிறது என்று சொன்னது பொய் இல்லை. அதனால் அந்த ஐந்து அடிக்காக நான் ஒரு நாளும் கொழுந்தனைக் குற்றம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அலோயிஸ் அண்ணன் வீட்டில் நான்கு குடும்பமும் கூடினோம். எங்களுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு ஊர்ப் பேச்சைப் பேசுவோம். அன்றைக்கு ஊர்ப் பேச்சே நான்தான். வாதாடிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில், சரி, கடவுள் கை எப்படிப் போகிறதோ அப்படிப் போகட்டும் என்று துணிந்தேன்.

"போடுங்க சீட்டை. நாலு சில்லுல ஒண்ணு எனக்கும் விழும்ல?"

பங்க்ராட்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணி, சீட்டு ஆம்பள உயிருக்குத்தான். அண்ணன் இல்ல. உங்களுக்கு ரெண்டும் பொண்ணு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அது உண்மை. எங்கள் ஊரில் அப்படித்தான். என் அப்பா வீட்டில் நான்கு பெண்கள், ஒரு பையன். பங்கு கிடைத்தது அப்பாவுக்கும் பையனுக்கும். நாங்கள் நால்வரும் உயிரில் சேர்த்தியில்லை. மழை மேலிருந்து விழுவது மாதிரி அதுவும் ஒரு இயற்கை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வயதில், கான்சாஸில், என் வீட்டுக்கு முந்நூறு அடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது என் தலையில் விழுந்தது.

"அப்ப நானும் ஒட்டீலியாவும் ரோசினாவும் எங்க போறது?"

"எங்க போவீங்க? காகிதப்படி வடகிழக்குக்கு நான் வந்துட்டா, அந்த வீட்டுல உங்களுக்கு ஒரு அறை தரேன். அண்ணன் பொண்ணுங்கள நான் விட்டுருவேனா?"

"நான் எழுப்புன வீட்டுல எனக்கே ஒரு அறை தரீங்களா? ரொம்பப் பெரிய மனசு!"

"அண்ணி, குரலை உசத்தாதீங்க. வழக்கத்தை நான் கண்டுபிடிக்கல."

காஸ்பர் எதற்கோ தலையாட்டினார். அலோயிஸ் அண்ணன் எழுந்து, தொப்பியை எடுப்பதற்கா என்னவோ, ஆணியை நோக்கிப் போனார்.

அப்போது அடுப்பில் வறட்டி போட்டுக்கொண்டிருந்த அமாலியா நிமிர்ந்தாள். அமாலியா பங்க்ராட்ஸின் மனைவி. பத்து வருஷத்தில் சபை நடுவில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒட்டியிருந்த சாணித் தூளைத் தட்டாமலே நடுவீட்டுக்கு வந்து நின்றாள்.

"யோவ், போதும்யா. அக்காகிட்டச் சொல்லு."

"நீ உள்ள போ."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? எப்பத் தெரியும்னு சொல்லு!"

"அமாலியா!"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இவருக்கு ரெண்டாம் வருஷமே தெரியும். மாடு மேய்ஞ்ச தகராறுக்கு டவுனுக்குப் போனாருல்ல, அப்ப அங்க நெல வரைபடத்துல காட்டியிருக்காங்க. வந்து என்கிட்டச் சொன்னாரு. வடகிழக்கு நம்ம பேர்ல இருக்கு, வாயை மூடிக்கிட்டு இரு, காலம் வரும்போது பாத்துக்கலாம்னாரு. கன்னிமரியாள் படத்து மேல என்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. இன்னைக்கு அதை ஒடைச்சுட்டேன், எனக்கு நரகம் கெடச்சாலும் பரவால்ல."

இரண்டாம் வருஷம். கிணறு தோண்டியது மூன்றாம் வருஷம்.

இதைக் கூட்டிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விரல்விட்டு எண்ணினேன் என்றுகூடச் சொல்லலாம். ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அந்தக் குழி யாருடையது என்று தெரிந்திருக்கிறது. தண்ணீர் வந்தால் ஒரு நாள் தனக்கு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, போதும் என்று மேலே வந்த அண்ணனைப் பார்த்து, இன்னும் ஐந்து அடி என்றிருக்கிறார்.

என் காது அடைத்துக்கொண்டது. பங்க்ராட்ஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. "யாருக்குத் தண்ணி வந்தா என்ன, எல்லாரும்தானே குடிக்கிறோம்னு நினைச்சேன்" என்று சொன்னதாக அப்புறம் ஒட்டீலியா சொன்னாள். அலோயிஸ் அண்ணன் ஆணியிலிருந்து எடுத்த தொப்பியைத் திரும்பவும் ஆணியிலேயே மாட்டினார். நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை பங்க்ராட்ஸ் என் வாசலுக்கு வந்தார். இரண்டு நாளாக அமாலியா அவருக்குச் சோறு போடவில்லை. அலோயிஸ் அண்ணன் அவரோடு சேர்ந்து ஜெபத்துக்கு முழங்காலிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம், முதல்முறையாக அந்த மனுஷருக்குத் தொண்டை திறந்திருக்கிறது. பங்க்ராட்ஸ் முகத்தில் சவரம் இல்லை, கண் உள்ளே போயிருந்தது.

"வியாழக்கிழமை போலாம் அண்ணி. மாத்தி எழுதிரலாம்."

"அஞ்சு அடின்னு சொன்னப்ப என்ன நினைச்சே?" நீங்கள் போய் நீ வந்துவிட்டது. நானும் அதைத் திருத்தவில்லை.

"தெரியல அண்ணி. சாமி சத்தியமாத் தெரியல. தண்ணி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு."

"அதை எனக்கு எதுக்குச் சொல்ற? அங்க வந்து சொல்லு. புத்தகத்து மேல கை வச்சுச் சத்தியம் பண்ணுவல்ல, அப்பச் சொல்லு. எழுதிக்கட்டும்."

"சொல்றேன்" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை போகும் வழியெல்லாம் எனக்கு அது ஒன்றே பசியாக இருந்தது. நிலம்கூட இரண்டாவதாகப் போய்விட்டது. இந்த ஆள் ஒரு அந்நியன் முன்னால், கடவுள் பேரால், வாயைத் திறந்து சொல்லவேண்டும். அது காகிதத்தில் மையாக நிற்கவேண்டும். வெண்டலினுக்காக அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி?

குமாஸ்தா கதவைச் சாத்திவிட்டு இரண்டு காகிதத்தை மேஜையில் விரித்தார். முதலில் நான் இடது கையைப் பைபிள்மேல் வைத்து வலது கையை உயர்த்தினேன். பேர், வயது, எத்தனை குழந்தை, எத்தனை ஏக்கர் உழுதிருக்கிறேன், வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டார். பிறகு, "இந்தத் தவறு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?" என்றார்.

"போன தடவை இங்க வந்தப்பத்தாங்க."

"நல்லது" என்று எழுதிக்கொண்டு பங்க்ராட்ஸ் பக்கம் திரும்பினார். அவரும் கை வைத்தார். பெரிய கை, நகத்தில் மண். அதே கேள்விகள். கடைசியில் அதே கேள்வி.

பங்க்ராட்ஸ் பைபிள்மேல் இருந்த தன் கையையே பார்த்தார்.

குமாஸ்தா பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லுங்க. தெரியாம நடந்திருந்தாத்தான் இது தவறு. முன்னாடியே தெரிஞ்சு யாராவது ஒருத்தர் சும்மா இருந்திருந்தாலும் அது ஏமாத்து. அப்படின்னா நான் இந்த ரெண்டு காகிதத்தையும் கிழிச்சிடணும். ரெண்டு காலும் சர்க்காருக்குப் போயிடும். சொல்லுங்க, எப்பத் தெரியும்?"

இதை யாரும் முன்பே எனக்குச் சொல்லவில்லை. பங்க்ராட்ஸுக்கும் இது புதுசு என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் வேறொன்றும் தெரிந்தது. அது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழங்காலிட்டவன் முகம். இவர் சொல்லத்தான் போகிறார். நிலம் போனாலும் போகட்டும் என்று ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறார். நான் கேட்டதுதான். நான் செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று கேட்ட அதே வார்த்தைதான்.

"ஐயா" என்றார் பங்க்ராட்ஸ். குரல் தெளிவாக இருந்தது. "என் அண்ணன் உசுரோட இருக்கும்போதே..."

"அவர் உசுரோட இருக்கும்போதே வந்து கேட்டிருக்கணும்னு சொல்றாரு ஐயா" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. என் குரல். "கேக்காம விட்டது எங்க முட்டாள்தனம். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. பத்து நாள் முன்னாடி, இதே மேஜைக்கு முன்னாடி. அவரு அப்ப எப்படி ஆடிப்போயிட்டாருன்னு நீங்களே பாத்தீங்களே."

சொல்லும்போது என் இடது கை இன்னும் பைபிளின் ஓரத்தில் இருந்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்படித்தானா?"

பங்க்ராட்ஸ் என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்குமுன் எந்த மனுஷர் முகத்திலும் பார்த்ததில்லை. கிணற்றுக்குள் தள்ளப்பட்டவன் மேலே பார்ப்பது அப்படித்தான் இருக்குமோ என்னவோ. நான் கண்ணை எடுக்கவில்லை. ஒட்டீலியாவும் ரோசினாவும் அந்த மண்வீட்டு ஜன்னலில் நிற்பது மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றேன். "ஆமான்னு சொல்லுங்க."

"ஆமாங்க" என்றார்.

பேனா கீறும் சத்தம் கேட்டது. எனக்குக் கையெழுத்து வராது, சிலுவைக்குறி போட்டேன். அவர் தன் பேரை முழுசாக எழுதினார். குமாஸ்தா ஒற்றுத்தாள் வைத்து அழுத்திவிட்டு, "வாழ்த்துகள் அம்மா, இனி வடகிழக்கு உங்களோடது" என்று கை கொடுத்தார். குலுக்கிவிட்டு வெளியே வந்தேன். வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் பங்க்ராட்ஸ் குதிரைகளை நிறுத்தினார்.

"நான் சொல்லியிருப்பேன் அண்ணி."

"தெரியும்."

"நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?"

"ஓட்டுங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துச் சாமியார் வந்தார். பூசை அலோயிஸ் அண்ணன் வீட்டில்தான். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. நான் நிற்கவில்லை. நின்றால் பொய்ச்சத்தியத்தைச் சொல்லவேண்டும். சொன்னால் அவர், மகளே, போய் உண்மையைச் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வா என்பார். வேறென்ன சொல்வார்? நான் கொடுக்கப்போவதில்லை. நான் கொடுக்காதவரைக்கும் பங்க்ராட்ஸும் சொல்ல முடியாது. பாவத்தைச் சொல்லாதவர் வாங்கக்கூடாத நற்கருணை அப்பத்துக்கு மணி அடித்ததும் அமாலியா எழுந்து போனாள், அலோயிஸ் அண்ணன் போனார், காஸ்பர் வீட்டார் போனார்கள், என் பெண்கள் இருவரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், நடுவே விட்ட வழிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பெஞ்சில், எனக்கு நேராகப் பங்க்ராட்ஸ் மட்டும் உட்கார்ந்திருந்தார்.